பரதேசிப் பெட்டி

அமெரிக்காவில் பழம்பொருள் வாங்கி விற்கும் விஷயம் தெரிந்த ஆள் இந்தப் பெட்டியைக் கையில் எடுத்ததும் மூடியைத் திறக்கமாட்டார். முதலில் கவிழ்த்துப் பார்ப்பார்.

மேலிருந்து பார்த்தால் அது ஒரு குட்டிக் கோபுரம். அகலமான மரத்தகடு ஒன்று, அதன்மேல் சற்றுச் சிறியது, அதற்கும் மேல் இன்னும் சிறியது. இப்படி ஐந்தாறு அடுக்கு, சிலவற்றில் பத்துக்கும் மேல். ஒவ்வொரு தகட்டின் ஓரத்திலும் சுற்றிலும் ரம்பப் பல் மாதிரி முக்கோண வெட்டுகள். உச்சியில் ஒரு இதயமோ நட்சத்திரமோ இருக்கும். மூலைக்கு ஒரு பித்தளை ஆணி. அடிப்பக்கத்தில் மட்டும் ஒரு வேலைப்பாடும் கிடையாது, வெறும் பலகை. அந்தப் பலகையில் அழுத்திப் பொறித்த எழுத்துகள் தெரியும்: தொழிற்சாலை எண் இன்னது, வரி மாவட்டம் இன்னது, மாநிலம் இன்னது, உள்ளே 50 சுருட்டு. பக்கத்தில் பாதி உரிந்த எச்சரிக்கைச் சீட்டு. இந்தப் பெட்டியில் மறுபடி சுருட்டு அடைத்தால் சட்டப்படி தண்டனை என்பது அதன் சாரம்.

பெட்டியின் ஜாதகம் அந்த அடிப்பலகைதான். மேலே கட்டிய கோபுரத்தைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். கீழே இருப்பது அரசாங்கம் போட்ட முத்திரை, அது கதை சொல்லாது.

இந்த வகைப் பெட்டிகளுக்கு இன்று உலகம் முழுக்க வழங்கும் பெயர் 'ட்ராம்ப் ஆர்ட்'. ட்ராம்ப் என்றால் வேலையில்லாமல் ஊர் ஊராகத் திரிகிறவன். தமிழில் சொன்னால் பரதேசி. பெயரோடு ஒட்டிய கதையும் உண்டு. தண்டவாளத்தின் ஓரமாக நடந்து வந்த ஒரு பரதேசி பண்ணை வீட்டின் பின்கதவைத் தட்டுகிறான். வீட்டுக்காரம்மா சூப்பும் ரொட்டியும் போடுகிறாள். கைம்மாறு செய்யக் காசில்லாத அவன் வாசலில் உட்கார்ந்து, மடக்குக் கத்தியால் பழைய சுருட்டுப் பெட்டியைச் செதுக்கி அலங்காரப் பெட்டியாக்கிக் கொடுத்துவிட்டு அடுத்த ரயிலில் தொற்றிக்கொண்டு போய்விடுகிறான். கேட்க நன்றாக இருக்கிறது. பெரும்பாலும் பொய். ஆனால் அந்தப் பொய் மட்டும் இல்லாவிட்டால் இந்தப் பெட்டிகளில் பாதி அடுப்புக்குப் போயிருக்கும். அதனால் அதை உடனே விரட்டிவிட எனக்கு மனமில்லை. கொஞ்ச நேரம் திண்ணையில் உட்காரட்டும், பிறகு பேசுவோம்.

நான் சொல்லப்போவது ஏதோ ஒரு பெட்டியின் கதையை இல்லை. 1870களிலிருந்து 1940 வரை ஆயிரக்கணக்கில் பிறந்த ஒரு குடும்பத்தின் கதை. பெட்டிக்குப் பெட்டி விவரம் மாறும், வந்த வழி ஏறக்குறைய ஒன்றுதான்.

வழி ஒரு மரத்தில் தொடங்குகிறது. கியூபா, மெக்ஸிகோ, மத்திய அமெரிக்கா, அதற்குத் தெற்கே அமேசான் வரைக்கும் வளர்கிற மரம். அமெரிக்கர்கள் அதை 'ஸ்பானிஷ் சீடர்' என்பார்கள். அது ஸ்பெயினில் வளர்வதில்லை, தேவதாரு இனமும் இல்லை. வாசனை தேவதாருவைப் போல இருந்ததால் வந்த பெயர். தாவரவியலாளர் லின்னேயஸ் 1759இல் அதற்கு 'செட்ரெலா ஓடோராட்டா' என்று பெயர் வைத்தார், வாசனையுள்ள சின்ன தேவதாரு என்கிற பொருளில். உண்மையில் அது வேம்பின் குடும்பம். நம் வீட்டு வாசல் வேம்பும், மலங்காட்டுச் சந்தன வேம்பும், மஹோகனியும், ஹவானாச் சுருட்டுப் பெட்டியும் தாவரவியல் கணக்கில் பங்காளிகள்.

இந்தப் பங்காளி உறவில் ஒரு கிளைக்கதை உண்டு, சொல்லாமல் போக முடியவில்லை. நம் சந்தன வேம்புக்கு ஒருகாலத்தில் வழங்கிய பெயர் 'செட்ரெலா டூனா'. 1803இல் அந்தப் பெயர் அச்சேறியது ராட்லரின் எழுத்து வழியாக. தரங்கம்பாடிக்கு மதபோதகராக வந்து, செடிகொடிகளைச் சேகரித்து, பிற்காலத்தில் சென்னையிலிருந்து தமிழ்–ஆங்கில அகராதி தொகுத்த அதே ராட்லர். கியூபா மரத்தையும் நம் மரத்தையும் அன்று ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். பிறகுதான் நம்முடையதைத் தனியே பிரித்து 'டூனா' ஆக்கினார்கள். சுருட்டு என்ற நம் சொல் கடல் தாண்டி ஆங்கிலத்தில் 'செரூட்' ஆனது எல்லாருக்கும் தெரியும். பெட்டி மரமும் கொஞ்ச காலம் நமக்குச் சொந்தமாகத்தான் இருந்திருக்கிறது.

சுருட்டுக்காரர்கள் இந்த மரத்தைத் தேடிப் போனதற்குக் காரணங்கள் உண்டு. எடை குறைவு. நார் நேராக ஓடும், அதனால் மெல்லிய தகடாக அறுக்கலாம். பூச்சி அண்டாது. ஈரத்தை வாங்கிக்கொண்டு மெதுவாக விடும், புகையிலை காய்ந்து நொறுங்காது. அந்த வாசனை புகையிலையோடு சண்டை போடாமல் சேர்ந்துகொள்ளும். ஒரு தச்சர் இந்தப் பட்டியலைப் பார்த்தால் வேறொன்றையும் சேர்த்துக்கொள்வார்: கத்திக்கு நன்றாக இளகிக் கொடுக்கும். அந்தக் குணம் சுருட்டுக்குத் தேவையே இல்லை. ஆனால் பெட்டியின் இரண்டாம் பிறவிக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

பெட்டி இவ்வளவு பெருகியது சுருட்டுப் பிரியர்களால் மட்டும் அல்ல, வரியால். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பணம் வேண்டியிருந்தது. 1862இல் லிங்கன் கையெழுத்திட்ட வருவாய்ச் சட்டம் சுருட்டுக்கும் வரி போட்டது. பீப்பாயிலும் கட்டாகவும் விற்ற பொருளை எப்படி எண்ணி வரி வாங்குவது? அடுத்தடுத்து வந்த சட்டங்கள் அதற்கு வழி கண்டன. சுருட்டை 25, 50, 100 என்ற கணக்கில் பெட்டியில் அடைக்க வேண்டும். 1868இல் வந்த சட்டப்படி மூடியின் மேல் வரி முத்திரைச் சீட்டை ஒட்ட வேண்டும். திறந்தால் சீட்டு கிழிய வேண்டும். காலியான பெட்டியில் வரி கட்டாத சுருட்டை நிரப்பி ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காக, ஒருமுறை பயன்பட்ட பெட்டியை மறுபடி சுருட்டுக்குப் பயன்படுத்தவே தடை.

எந்தத் தலைநகர அதிகாரியும் நாட்டுப்புறக் கலையை வளர்க்க நினைத்து இதைச் செய்யவில்லை. ஆனால் நடந்தது அதுதான். நல்ல மரத்தில் கச்சிதமாகச் செய்த பெட்டி, ஒரே ஒருமுறை பயன்பட்டதும் வேலை இழந்து நின்றது. மளிகைக் கடை, முடிதிருத்தும் கடை, மதுக்கடை எங்கும் காலிப் பெட்டிகள் குவிந்தன. கேட்டால் சும்மா கொடுப்பார்கள்.

சுருட்டு அந்தக் காலத்தில் அப்படிப் பரவியதற்கு யூலிசஸ் கிராண்டுக்கும் கொஞ்சம் பங்குண்டு. 1862 பிப்ரவரியில் டோனல்சன் கோட்டையைப் பிடித்த தளபதி கையில் சுருட்டோடு இருந்தார் என்று செய்தித்தாள்கள் எழுதின. நாடெங்குமிருந்து அபிமானிகள் அவருக்குச் சுருட்டுப் பெட்டிகளை அனுப்பிக் குவித்தார்கள். பத்தாயிரம் சுருட்டு வந்து சேர்ந்ததாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஜனாதிபதியாகவும் இருந்து முடித்த அவர் 1885இல் தொண்டைப் புற்றுநோயால் இறந்தார்.

காலிப் பெட்டியை முதலில் கண்டுகொண்டது இசைதான். ஓவியர் எட்வின் ஃபோர்ப்ஸ் 1876இல் வெளியிட்ட ஒரு போர்க்களச் சித்திரத்தில் ஒரு சிப்பாய் சுருட்டுப் பெட்டியில் செய்த பிடில் வாசிக்கிறான். மெல்லிய பலகை, உள்ளே காற்று, ஒலிக்கத் தயாரான பெட்டி. ஆனால் நம் கதை அந்தப் பக்கம் போகவில்லை. அது போனது அடுக்களை மேஜைக்கு.

இரவு நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், குளிர்காலம். பென்சில்வேனியாவோ நியூயார்க் மாநிலமோ. சுரங்கத்திலிருந்தோ மரமில்லிலிருந்தோ வந்த ஆள் சாப்பிட்டு முடித்து, விளக்கைக் கிட்டே இழுத்து வைத்துக்கொள்கிறான். முன்னால் நான்கைந்து சுருட்டுப் பெட்டிகள். ஆணியைக் கழற்றித் தகடு தகடாகப் பிரிக்கிறான். ஒவ்வொன்றும் அரை சென்டிமீட்டர் கனம்கூட வராது. ஒட்டிய படச் சீட்டு சிலவற்றில் போய்விடும், சிலவற்றில் போகாது. போகாத பக்கத்தை உட்புறமாகத் திருப்பி வைத்தால் போச்சு.

இவ்வளவு மெல்லிய பலகையில் ஆழமாகக் குடைய முடியாது. குடைந்தால் மறுபக்கம் வந்துவிடும். ஆகவே அவன் தலைகீழாக யோசித்தான். பள்ளம் தோண்டுவதற்குப் பதிலாக மேடு கட்டினான். ஒன்றின்மேல் ஒன்றாகத் தகடுகளை அடுக்கினால், ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கால் அங்குலம் உள்வாங்கி நின்றால், செதுக்காமலே ஆழம் வந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கிற சின்னத் துண்டுகளுக்கு இது தோதான முறையும்கூட. பெரிய பலகை இல்லாதவன் கண்டுபிடித்த கட்டடக்கலை என்று இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

பிறகு வெட்டு. ஜெர்மானியர்கள் இதைக் 'கெர்ப்ஷ்னிட்' என்பார்கள், பள்ளவெட்டு என்று பொருள். கத்தியைச் சாய்த்து ஓரத்தில் ஒரு அழுத்து, எதிர்ப்பக்கம் சாய்த்து இன்னொரு அழுத்து. நடுவிலிருந்து ஒரு முக்கோணச் சில்லு தெறித்து விழும். அவ்வளவுதான் பாடம், ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். சிக்கல் மரத்தின் நாரில் இருக்கிறது. நார் ஓடும் திசைக்கு இணையான ஓரத்தில் கத்தி நாரைக் குறுக்கே அறுக்கும். கொஞ்சம் பலம் வேண்டும், ஆனால் பயமில்லை. தகட்டைத் திருப்பி அடுத்த ஓரத்துக்கு வந்தால் கத்தி நாரோடு நாராக ஓடப் பார்க்கும். கை ஒரு நூல் கூடுதலாக அழுத்தினாலும் தகடு விறகுபோல இரண்டாகப் பிளக்கும். பழைய பெட்டிகளில் இந்த இரண்டாவது ஓரத்தில்தான் முனைகள் உடைந்திருக்கும். செய்தவனின் கை எங்கே தடுமாறியது, எங்கே பழகியது என்பதும் அங்கேதான் தெரியும்.

எத்தனை வெட்டு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 22 சென்டிமீட்டருக்கு 14 சென்டிமீட்டர் அளவில் ஒரு சாதாரண மூடி. அதன்மேல் அடுக்குக்கு 2 சென்டிமீட்டர் குறைத்துக்கொண்டே போய் மொத்தம் ஆறு தகடு. எல்லா ஓரங்களையும் கூட்டினால் 312 சென்டிமீட்டர் வருகிறது. 6 மில்லிமீட்டருக்கு ஒரு பள்ளம் என்றால் 520 பள்ளங்கள். பள்ளத்துக்கு இரண்டு கீறல், ஆக 1,040. இது மூடிக்கு மட்டும். நாலு பக்கச் சுவர், கால்கள், மேலே வைக்கும் இதயம் எல்லாம் தனி.

ஒட்டுவதற்கு வஜ்ரப் பசை, பசை பிடிக்கும்வரை சின்ன ஆணி. சிலர் அரக்கு மெருகு பூசினார்கள், சிலர் தங்க வண்ணம் அடித்தார்கள், சிலர் மரத்தை மரமாகவே விட்டுவிட்டார்கள். மூடியின் நடுவில் வெல்வெட் தைத்துப் பஞ்சடைத்தால் அது ஊசி குத்தும் தலையணை, தையல் பெட்டி தயார். கண்ணாடித் துண்டு பதித்தால் சிங்காரப் பெட்டி. பீங்கான் குமிழ், பழைய தாழ்ப்பாள், நாற்காலியிலிருந்து பிடுங்கிய பித்தளைக் குமிழாணி, கையில் கிடைத்த எதுவும் வீண்போகவில்லை. பெட்டியோடு நிற்கவும் இல்லை. படச் சட்டம், சிலுவை, கடிகாரக் கூடு, உண்டியல், ஆள் உயர அலமாரிகூடச் செய்தார்கள். வாய் பிளக்க வைக்கும் அந்த அலமாரிகளைவிட, மூடியில் மனைவியின் முதலெழுத்தும் ஒரு வருஷமும் செதுக்கிய சின்னத் தையல் பெட்டி எனக்குப் பிடிக்கும். முதலெழுத்தில் ஒரு கால் கொஞ்சம் கோணலாக இருந்தால் இன்னும் பிடிக்கும்.

இப்போது திண்ணையில் உட்கார வைத்த கதையை உள்ளே கூப்பிடலாம்.

1,040 கீறலைப் பின்வாசலில் உட்கார்ந்து, ஒரு கிண்ணம் சூப்பு ஆறுவதற்குள் போட முடியாது. நான்கைந்து பெட்டியின் பலகை வேண்டும், பசை வேண்டும், பசை காயும்வரை பாரம் வைக்க இடம் வேண்டும், நாளை வந்து தொடர அதே மேஜை வேண்டும். அலமாரி செய்தவன் அதை முதுகில் கட்டிக்கொண்டு சரக்கு ரயிலில் ஏறியிருப்பானா? செய்தவர்களில் பெயர் தெரியவந்தவர்களைப் பார்த்தால் பெரும்பாலோர் வீடும் வேலையும் உள்ளவர்கள். ஆலைத் தொழிலாளி, சுரங்கத் தொழிலாளி, விவசாயி. நாடோடி ஒருவர்கூடச் செய்யவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டியதில்லை. ஒன்றிரண்டு பேர் செய்திருக்கலாம். விதிவிலக்கை எடுத்து முழுக் கலைக்கும் பெயராக வைத்ததுதான் கோளாறு.

நாடோடிகள் இல்லாத காலமும் அல்ல அது. 1873இல் வங்கிகள் விழுந்து தொழில்கள் முடங்கியபோது லட்சக்கணக்கானவர்கள் வேலை தேடித் தண்டவாளத்தில் நடந்தார்கள். பயந்த மாநிலங்கள் அவர்களைப் பிடித்து அடைக்கத் தனிச் சட்டமே போட்டன. ட்ராம்ப் என்பது அன்று கொஞ்சலான சொல் கிடையாது. அந்தக் காலத்தில் யாரும் தன் தையல் பெட்டியைக் காட்டி இது ட்ராம்ப் செய்தது என்று பெருமைப்பட்டிருக்க மாட்டார்கள்.

அப்படியானால் பெயர் எப்போது வந்தது? பெட்டி செய்வது நின்றுபோன பிறகு. சிகரெட் சுருட்டைப் பின்னுக்குத் தள்ளியது. ஜேம்ஸ் பான்சாக் 1881இல் உரிமை பெற்ற சிகரெட் இயந்திரம் அதன் தொடக்கம். மிச்சமிருந்த சுருட்டும் மரப்பெட்டியிலிருந்து அட்டைப்பெட்டிக்கு இறங்கியது. மலிவுப் பெட்டிகளில் அதற்கு முன்பே சீடர் போய், வேறு மரத்தில் சீடர் நிறம் ஏற்றி ஒப்பேற்றத் தொடங்கியிருந்தார்கள். மாலை நேரத்தை வானொலி எடுத்துக்கொண்டது. 1940 வாக்கில் கத்தி மடங்கிவிட்டது.

வீட்டிலிருந்த பெட்டிகளுக்கு அதன்பின் கெட்ட காலம். செய்தவன் இறந்தான், பெற்றுக்கொண்டவளும் இறந்தாள், மருமகள் வந்தாள். மருமகளின் புகார் நியாயமானது: இதைத் துடைக்க முடியாது. 520 பள்ளம், 520 பள்ளத்திலும் தூசி. துணியைப் போட்டால் முனையில் மாட்டிச் சில்லு பெயரும். வழவழப்பான பார்மைகா மேஜைகள் வந்துகொண்டிருந்த காலத்தில் யாருக்கு இந்தத் தலைவலி வேண்டும்? பரணுக்கு ஏற்றினார்கள். வெயில் காலத்தில் ஓட்டுக்கூரைச் சூட்டில் வஜ்ரப் பசை உலர்ந்து விட்டுப்போய், கோபுரம் மேல்தட்டிலிருந்து உதிர்ந்தது. சிலர் வெள்ளை எனாமல் பூசிப் பள்ளங்களை அடைத்தார்கள். சிலர் கொல்லையில் கொளுத்தினார்கள். நன்றாக எரியும் மரம், வாசனையாகவும் எரிந்திருக்கும்.

அந்த நேரத்தில் பென்சில்வேனியா நாட்டுப்புறக் கலையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த ஃபிரான்சஸ் லிக்டன் என்ற பெண்மணி 1959இல் 'பென்சில்வேனியா ஃபோக்லைஃப்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். 'ட்ராம்ப் வேலை' என்று தலைப்பில் சொல்லி, அதன் பக்கத்திலேயே பேனாக்கத்தியையும் சுருட்டுப் பெட்டியையும் சேர்த்து வைத்தார். பெயர் நிலைத்தது அந்தக் கட்டுரையிலிருந்துதான் என்பார்கள். 1975இல் ஹெலெய்ன் ஃபெண்டல்மன் இதைப் பற்றி ஒரு தனிப் புத்தகமே எழுதினார். அதன் தலைப்பிலும் ஊர்சுற்றியின் கலை என்றே வந்தது. நியூயார்க்கில் கண்காட்சி நடந்தது. பிறகு கேட்க வேண்டுமா? பரண்கள் இறங்கின.

பழம்பொருள் வியாபாரத்தில் கதை இல்லாத பொருள் நகராது. 'தாத்தா குளிர்காலத்தில் செய்தது' என்றால் வீட்டாரைத் தவிர யாரும் காசு கொடுக்க மாட்டார்கள். 'பெயர் தெரியாத நாடோடி ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் செய்து கொடுத்தது' என்றால் வாங்குகிறவன் கண் கலங்குகிறான். வீட்டுக்குள் கிடந்த தாத்தாவை வெளியே தள்ளி, வெளியே நின்ற பரதேசியை உள்ளே கொண்டுவந்து உட்கார வைத்தது சந்தை. அநியாயம்தான். ஆனால் தாத்தா செய்த பெட்டி பிழைத்தது அந்தப் பரதேசியின் தயவில். இந்தக் கணக்கை எப்படி நேர் செய்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

விலை ஏறியதும் போலி வந்தது. பழைய சுருட்டுப் பெட்டியையே பிரித்துப் புதிதாகச் செய்தால் மரம் பழசு, முத்திரை பழசு, எப்படிக் கண்டுபிடிப்பது? பார்க்கிறவர்கள் பள்ளத்தின் உள்ளே பார்க்கிறார்கள். வெளிப்பக்கமும் பள்ளத்தின் அடியும் ஒரே வேகத்தில் கறுத்திருக்க வேண்டும். நேற்று வெட்டிய பள்ளத்தில் மரம் வெளிறிச் சிவந்திருக்கும், அதை மறைக்கச் சாயம் போட்டால் சாயம் மூலையில் தேங்கும். அடிப்பகுதி ஓரங்கள் மேஜையில் இழுபட்டுத் தேய்ந்திருக்க வேண்டும். கைபடும் இடத்தில் முனை மழுங்கியும், கைபடாத இடத்தில் கூர்மையாகவும் இருக்க வேண்டும். எல்லா முனையும் ஒரே மாதிரி மழுங்கியிருந்தால் உப்புத்தாள் வேலை செய்திருக்கிறது.

கதையைத் திருத்த அருங்காட்சியகத்துக்கு ரொம்ப நாள் பிடித்தது. கிளிஃபர்ட் வாலக் போன்ற சேகரிப்பாளர்கள் 1990களில் செய்தவர்களின் பெயர்களைத் தேடி எடுத்து எழுதினார்கள். 2017 மார்ச்சில் நியூ மெக்ஸிகோவின் சாந்தா ஃபே நகரிலுள்ள சர்வதேச நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகத்தில் லாரா ஆடிசன் பொறுப்பில் ஒரு பெரிய கண்காட்சி திறந்தது. 'சும்மா இருக்கும் கை இல்லை' என்பது மாதிரியான தலைப்பு. அமெரிக்கப் பெட்டிகளோடு ஜெர்மனி, ஸ்காண்டிநேவியா, கனடா என்று வேறு நாட்டுப் பெட்டிகளும் வந்து நின்றன. நாடோடிக் கதையைக் கட்டுக்கதை என்று தலைப்பிலேயே சந்தேகப்பட்டார்கள். இருந்தும் 'ட்ராம்ப் ஆர்ட்' என்ற சொல்லைத் தலைப்பிலிருந்து எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே யாருக்கும் புரிந்திருக்காது.

இங்கேதான் எனக்குத் தமிழ் உதவிக்கு வருகிறது. ட்ராம்ப் என்பதைப் பரதேசி என்று மொழிபெயர்த்தால் பொய்யில் பாதி கரைந்துவிடுகிறது. பரதேசி என்றால் இன்று பிச்சைக்காரன், வசவு. சொல்லைப் பிரித்தால் அயல்தேசத்துக்காரன். இந்தப் பெட்டிகளைச் செய்த பலரும் அப்படி வந்தவர்கள்தான். பள்ளவெட்டு ஜெர்மனியிலும் ஸ்காண்டிநேவியாவிலும் பழைய கை வேலை. 1820க்கும் முதல் உலகப் போருக்கும் நடுவே ஜெர்மனியிலிருந்து மட்டும் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அமெரிக்காவில் இறங்கினார்கள். தச்சு உளிகளை ஊரில் விட்டுவிட்டு வந்தவனிடமும் சட்டைப் பையில் ஒரு மடக்குக் கத்தி இருந்திருக்கும். மரம் கரீபியனிலிருந்து வந்தது, கத்தி ஐரோப்பாவிலிருந்து வந்தது, இரண்டும் சந்தித்தது அமெரிக்க வரிச் சட்டத்தின் குப்பைத் தொட்டியில். பழைய அர்த்தத்தில் பரதேசிப் பெட்டி என்றால் அது சரியான பெயர்தான்.

சொல்லாமல் விடக் கூடாத இன்னொரு சீட்டும் அந்தப் பெட்டிகளில் ஒட்டியிருந்தது. 1870களில் சான் பிரான்சிஸ்கோச் சுருட்டுத் தொழிலாளர்கள் பெட்டியில் வெள்ளைச் சீட்டு ஒட்டினார்கள், வெள்ளைக்காரர் கை செய்தது, சீனர் கை படவில்லை என்று அறிவிக்க. பிறகு 1880இல் சுருட்டுத் தொழிலாளர் சங்கம் நாடு முழுவதற்கும் நீலச் சீட்டைக் கொண்டுவந்தது. அதில் பேசப்பட்டது சங்கத்தின் நேர்மை. ஆனாலும் முதல் சீட்டின் நிறம் மறந்துவிடக் கூடியது இல்லை. இதயமும் நட்சத்திரமும் ஏற்றிய மூடியைத் திறந்தால் உட்பக்கம் இப்படியும் ஏதாவது இருக்கும். செய்தவன் அதைப் பிய்த்தெறியவும் இல்லை, மதித்து வைக்கவும் இல்லை. வெறுமனே உள்பக்கமாகத் திருப்பிவிட்டான், அவனுக்கு வேண்டியது பலகை.

மரத்தின் கதையும் வேறு மாதிரி ஆகிவிட்டது. வேர்வரை வெட்டிக் குறைந்துபோன செட்ரெலா இனத்தை 2019இல் ஜெனீவாவில் கூடிய நாடுகள் அழியும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டீஸ்' ஒப்பந்தத்தின் இரண்டாம் அட்டவணையில் சேர்த்தன. 2020 ஆகஸ்ட் 28 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. லத்தீன் அமெரிக்கக் காட்டிலிருந்து இந்தப் பலகை எல்லை தாண்ட இன்று அனுமதிச் சீட்டு வேண்டும். ஒருகாலத்தில் முடிதிருத்தும் கடை மூலையில் சும்மா கிடந்த மரம் அது.

நல்ல பெட்டியாக இருந்தால் மூடியைத் திறக்கும்போது ஒரு மெல்லிய வாசனை இன்னும் வரும். முதலில் மரம், கொஞ்சம் பொறுத்தால் அடியிலிருந்து புகையிலை. அருங்காட்சியகத்தில் அது வராது, பெட்டி கண்ணாடிக்குள் இருக்கிறது. மேல்நோக்கித்தான் வைத்திருப்பார்கள், அடிப்பலகையும் அந்த எச்சரிக்கைச் சீட்டும் தெரியாது. மறுபடி சுருட்டு அடைக்கக் கூடாது என்ற உத்தரவால்தான் பெட்டி அங்கே வந்து சேர்ந்தது என்று வருகிறவர்களுக்கு யாராவது ஒரு அட்டையில் எழுதி வைத்தால் தேவலை.

அங்கேயும் தூசி படியும். கண்ணாடியைத் திறந்து, மெல்லிய மயிர்த் தூரிகையை எடுத்துக்கொண்டு, கையுறை போட்ட ஒரு ஊழியர் முதல் அடுக்கின் முதல் பள்ளத்திலிருந்து ஆரம்பிக்கிறார். மருமகள் பரணுக்கு ஏற்றிவிட்டுப் போன வேலை அது. மூடிக்கு மட்டும் 520.